மோட்டாரில் 1440, நாளில் 1440: கணக்கு எங்கே நழுவுகிறது

மேலூர்த் தம்பி ஒருவர் கேட்டது, ஜூன் 2:

"அண்ணே, எங்க ஓட்டல் கிரைண்டர் மோட்டாரில் 1440 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 1440 சுற்று) என்று போட்டிருக்கிறது. ஒரு நாளுக்கும் 1440 நிமிடம்தான். 'மோட்டார் ஒரு நிமிடத்தில் சுற்றுவதைப் பூமி சுற்ற 1440 நாள் ஆகும், மோட்டார் செய்தவன் பூமியைப் பார்த்துத்தான் செய்திருக்கிறான்' என்று ஒரு ஜோக் வாட்ஸப்பில் வந்தது. இது தற்செயலா, நிஜமாகவே கணக்குப் போட்டு வைத்ததா?"

ஜூன் 2, இரவு 9.40

தற்செயல்தான் தம்பி. கணக்கு இருக்கிறது, ஆனால் அது ஈபி கம்பியைப் பார்த்துப் போட்ட கணக்கு. நம்மூர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 அலை. மோட்டாரின் அசையாத வெளிப்பாகமான ஸ்டேட்டரில் நாலு போல் (காந்த முனை) வருகிற மாதிரி காயில் கட்டினால் உள்ளே உண்டாகும் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 தடவை சுற்றும். 120-ஐ 50-ஆல் பெருக்கி, போல் எண்ணிக்கையால் வகுத்தால் அந்த எண் கிடைக்கும். ரெண்டு போல் என்றால் 3000, ஆறு போல் என்றால் 1000. நடுவில் சுற்றுகிற பாகமான ரோட்டார் அந்தப் புலத்தைத் துரத்திக்கொண்டே ஓடும், ஆனால் ஒருபோதும் எட்டிப் பிடிக்காது. பிடித்துவிட்டால் ரோட்டார் கம்பிகளில் கரண்ட் தூண்டப்படாது, கரண்ட் இல்லாவிட்டால் இழுவை கிடையாது, இழுவை போனால் மறுபடி வேகம் குறையும். அதனால் எப்போதும் கொஞ்சம் பின்தங்கித்தான் ஓடியாக வேண்டும். இதைத்தான் ஸ்லிப் என்கிறோம். முழு லோடில் நாலு சதவீதம் பின்தங்கினால் 1500-இல் 60 கழிந்து 1440.

அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். இதே நாலு போல் மோட்டாரின் பிளேட்டில் அங்கே 1725 அல்லது 1750 என்று இருக்கும். அந்த ஊரில் இந்த ஜோக் பிறந்திருக்கவே முடியாது.

ஜூன் 2, இரவு 10.05

பூமி பக்கமும் ஓர் ஓட்டை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1440 நிமிடம் என்பது சூரியன் உச்சிக்கு வந்து மறுநாள் திரும்ப உச்சிக்கு வர ஆகிற நேரம். பூமி தன்னைத்தானே ஒரு முழுச் சுற்று சுற்ற 23 மணி 56 நிமிடம் 4 விநாடி போதும், அதாவது 1436 நிமிடம். சுற்று முடிவதற்குள் பூமி தன் பாதையில் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால், சூரியனுக்கு நேரே வர இன்னும் நாலு நிமிடம் திரும்ப வேண்டியிருக்கிறது. வருடத்துக்கு 365 பகல், ஆனால் சுற்று 366. ஆக மோட்டாரின் ஒரு நிமிட வேலையைப் பூமி 1436 நாளிலேயே முடித்துவிடும். ஜோக்கில் நாலு நாள் பிழை.

ஜூன் 3, காலை 6.50

திருமங்கலத்து அண்ணன் "நாலு வருசத்துல நாலு நாள், இதுக்குப் போய் ஜோக்கைக் கெடுக்கணுமா" என்று எழுதியிருக்கிறார். அண்ணே, எனக்கு அந்த நாலு நாள்தான் ஜோக்கிலேயே பிடித்த இடம். மோட்டாரில் புலம் 1500 சுற்றினால் ரோட்டார் 1440. இங்கே பூமி 366 சுற்றினால் சூரியன் நம் தலைக்கு மேல் வருவது 365. ரெண்டு இடத்திலும் 'எதை வைத்துப் பார்த்து ஒரு சுற்று' என்று கேட்டால்தான் எண்ணுக்கு அர்த்தம் வருகிறது. ஜோக் எழுதியவர் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னும் நல்ல ஜோக் கிடைத்திருக்கும் என்று மனதார நம்புகிறேன்.

ஜூன் 3, இரவு 8.30

ஸ்லிப்பைக் கண்ணால் பார்க்க முடியுமா என்று தம்பி கேட்கிறார். தாராளமாகப் பார்க்கலாம். மோட்டாருக்குக் காயில் கட்டும் எங்கள் பட்டறையில் புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு முதலில் காட்டுவது இதைத்தான். வேகம் அளக்கும் டேக்கோ மீட்டர் கூட வேண்டாம், பழைய சோக்கு வைத்த டியூப்லைட் ஒன்று போதும்.

மோட்டாரை நிறுத்தி, கரண்டைத் துண்டித்துவிட்டு, பெல்ட் மாட்டும் சக்கரமான புல்லியின் முகத்தில் நடுவிலிருந்து விளிம்பு வரை சாக்பீஸால் ஒரே ஒரு கோடு அழுத்திப் போடுங்கள். வேறு விளக்கு எதுவும் இல்லாமல் அந்த டியூப்லைட்டை மட்டும் எரியவிட்டு மோட்டாரைப் போடுங்கள். வேகம் ஏறும்வரை வெள்ளை மங்கலாகத் தெரியும். முழு வேகம் வந்ததும் ஒரு கோடு நாலு கோடாகிவிடும், கூட்டல் குறி மாதிரி. அந்தக் கூட்டல் குறி நிற்காமல், மோட்டார் ஓடுகிற திசைக்கு எதிர்த் திசையில் மெதுவாகப் பின்னால் நகரும். முதல் தடவை பார்க்கிற பையன்கள் எல்லாரும் மோட்டார் ரிவர்ஸில் ஓடுகிறது என்றுதான் சொல்வார்கள்.

நடப்பது இதுதான். 50 ஹெர்ட்ஸ் கரண்டில் டியூப்லைட் விநாடிக்கு 100 தடவை பிரகாசமாகி மங்குகிறது. புலத்தின் வேகமான 1500-இல் புல்லி ஓடினால் ஒரு மின்னலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் சரியாகக் கால் சுற்று, 90 பாகை, திரும்பியிருக்கும். கோடு அதே நாலு இடத்தில் மாறி மாறித் தெரிவதால் கூட்டல் குறி அசையாமல் நிற்கும். ஆனால் 1440-இல் ஓடினால் திரும்புவது 86.4 பாகைதான். ஒவ்வொரு மின்னலுக்கும் 3.6 பாகை குறைகிறது. விநாடிக்கு 100 மின்னல், ஆக விநாடிக்கு 360 பாகை, அதாவது கூட்டல் குறி விநாடிக்கு ஒரு சுற்று பின்னால் போகும். அந்தப் பின்னோட்டம்தான் ஸ்லிப். 1500-க்கும் 1440-க்கும் இடையில் உள்ள 60 என்பது நிமிடத்துக்கு 60, விநாடிக்கு ஒன்று. புலம் ரோட்டாரை விநாடிக்கு ஒரு தடவை முழுசாக முந்திக்கொண்டு போகிறது. பிளேட்டில் எழுதியிருக்கிற எண் கண் முன்னால் நடந்து போவதைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் அலுக்கவில்லை.

ஜூன் 3, இரவு 8.55

மேலே சொன்னதோடு இதைச் சேர்த்தே ஆக வேண்டும். சுற்றுகிற இயந்திரம் டியூப்லைட் வெளிச்சத்தில் நிற்பது போலவோ மெதுவாகப் போவது போலவோ தெரிவது ஆபத்து. லேத் ஓடும் இடத்தில் ஒற்றை டியூப்லைட்டை மட்டும் நம்பக் கூடாது, விளக்குகளை வேறு வேறு பேஸில் கொடுக்க வேண்டும் என்பார்கள், காரணம் இதுதான். கூட்டல் குறி எவ்வளவு மெதுவாக நகர்ந்தாலும் புல்லி ஓடுவது விநாடிக்கு 24 சுற்று. பார்க்கிறபோது கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள், வேட்டி, துப்பட்டா பக்கத்தில் வரக் கூடாது.

ஜூன் 4, மதியம் 1.20

"பிளேட்டில் 1440 என்றால் 1440தானே ஓடும்" என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். ஓடாது சார். பிளேட்டில் இருப்பது முழு லோடு, சரியான வோல்டேஜ், சரியான ஹெர்ட்ஸ் மூன்றும் இருந்தால் வரும் வேகம். பெல்ட்டைக் கழற்றிவிட்டு வெறும் மோட்டாரைப் போட்டால் 1490 பக்கம் ஓடும், கூட்டல் குறி ஒரு சுற்று பின்னால் போக ஆறு விநாடி எடுத்துக்கொள்ளும். பெல்ட்டை மாட்டி, கல் ஏறி, அரிசி கெட்டியாக இருக்கிற நேரத்தில் பாருங்கள், நகர்வு சட்டென்று வேகம் பிடிக்கும். ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் மறுபடி நிதானத்துக்கு வரும். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் இழுவை குறைந்து ஸ்லிப் இன்னும் கூடும், காயில் சூடேறும். எங்களிடம் காயில் கருகி வருகிற மோட்டார்களில் பலவற்றுக்குக் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

50 ஹெர்ட்ஸும் துல்லியமாக 50 கிடையாது. கிரிட் (ஊர்களை இணைக்கும் மின் கட்டமைப்பு) விதிப்படி 49.90-லிருந்து 50.05 வரை இருக்கலாம். 49.90-இல் புலமே 1497தான்.

ஜூன் 4, மதியம் 1.35

இன்னொன்று. 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர் - சோலாப்பூர் லைன் வழியாகத் தென்னிந்திய கிரிட் மற்ற இந்தியாவோடு சேர்ந்தது. அன்றிலிருந்து மேலூர் கிரைண்டரின் புலமும் டெல்லியில் ஒரு கிரைண்டரின் புலமும் ஒரே தாளத்தில் சுற்றுகின்றன. தூத்துக்குடி அனல் மின் நிலையத்தின் 3000 ஆர்பிஎம் டர்பைன் ஜெனரேட்டர்களும் அதே தாளம்தான். இதை நினைத்தால் எனக்கு நிஜமாகவே புல்லரிக்கும்.

ஜூன் 6, இரவு 11.10

தியேட்டரில் ஆபரேட்டராக இருந்த அண்ணன் ஒருவர் இன்று எழுதியது இந்தப் பேச்சிலேயே சிறந்தது. பிலிம் காலத்தில் படம் விநாடிக்கு 24 பிரேம். நிமிடத்துக்கு? 1440!

தற்செயல்தான் என்றாலும் இதில் நல்ல சரக்கு இருக்கிறது. 35 மில்லிமீட்டர் புரொஜெக்டரில் பிலிமை ஒவ்வொரு பிரேமாக நிறுத்தி நிறுத்தி இழுக்கிற 'மால்டீஸ் கிராஸ்' என்று ஒரு பாகம் உண்டு. அதைத் தள்ளிவிடும் கேம் (cam) என்ற சுழல் பாகம், பிரேமுக்கு ஒரு சுற்று, அதாவது 1440 ஆர்பிஎம். அந்தக் கிராஸோடு சேர்ந்த பல்சக்கரத்தில் 16 பல், பிரேமுக்கு 4 துளை, ஆகவே நாலு பிரேமுக்கு ஒரு சுற்று, அது 360. மதுரை தங்கம் தியேட்டர் மாதிரி பெரிய திரையில் அத்தனை பேர் பார்த்த படத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கேம் நிமிடத்துக்கு 1440 தடவை சுற்றிக்கொண்டிருந்தது.

இதை மோட்டாரோடு முடிச்சுப் போட்டுப் பாருங்கள். 1440-இல் சரியாக ஓடும் புல்லியை விநாடிக்கு 24 பிரேமில் படம் எடுத்தால் ஒவ்வொரு பிரேமிலும் சாக்பீஸ் கோடு ஒரே இடத்தில் இருக்கும். திரையில் புல்லி நிற்கும்! போன் கேமராவிலேயே 24 வைத்துப் பார்க்கலாம், லோடு கொஞ்சம் மாறினாலும் கோடு நகர ஆரம்பித்துவிடும். டியூப்லைட்டில் நிற்க 1500 வேண்டும், கேமராவில் நிற்க 1440 வேண்டும். ஒரே புல்லி.

ஜூன் 7, காலை 7.15

ஜோக்குகள் குவிகின்றன. எனக்குச் சரியாகச் சொல்ல முடிந்தவற்றை மட்டும் எடுக்கிறேன்.

"ஃபேனை அஞ்சில் வைத்தால் வீடே ஹெலிகாப்டர் மாதிரி கிளம்பிவிடும்." எண்ணை மட்டும் பார்த்தால் இது அச்சு அசல் உண்மை. சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 380 பக்கம். பெல் 206 ஹெலிகாப்டரின் மேல் இறக்கை 394. கிட்டத்தட்ட ஒரே வேகம்! பிழை இறக்கையின் நீளத்தில் இருக்கிறது. 1200 மில்லிமீட்டர் ஃபேனின் நுனி விநாடிக்கு 24 மீட்டர் போகிறது, மணிக்கு 86 கிலோமீட்டர், நாலுவழிச் சாலையில் போகிற கார் வேகம். ஹெலிகாப்டர் இறக்கையின் விட்டம் 10 மீட்டருக்கு மேல் என்பதால் நுனி விநாடிக்கு 210 மீட்டர். ஃபேனும் காற்றைக் கீழே தள்ளுகிறது, அதனால் ஓடும்போது கொக்கியில் எடை ஒரு துளி குறையத்தான் செய்கிறது. ஜோக் சொன்னவர் திசையில் தவறவில்லை.

காயில் கட்டுகிறவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். 14 போல் கட்டிய ஃபேன் 50 ஹெர்ட்ஸில் 428-ஐத் தாண்டவே முடியாது, ரெகுலேட்டரை என்ன செய்தாலும் சரி. இப்போது வரும் பிஎல்டிசி ஃபேனுக்கு இந்தக் கட்டு கிடையாது, உள்ளே இருக்கிற சர்க்யூட் தானே ஹெர்ட்ஸைத் தயாரித்துக்கொள்கிறது.

ஜூன் 7, காலை 7.50

"எங்க வீட்டு மிக்ஸி ஜெட் என்ஜினை விட வேகம்."

இதைப் பொய் என்று நாலு பேர் சொல்லியிருக்கிறீர்கள். பொய் இல்லை! போயிங் 737-இல் வரும் சிஎஃப்எம்56-7பி என்ஜினின் முன் விசிறி முழு வேகத்தில் 5,175 ஆர்பிஎம், உள்ளே இருக்கிற கோர் (மையப் பகுதி) 14,460. மிக்ஸி 18,000 போகும். சுற்று எண்ணிக்கையில் மிக்ஸி ஜெயித்துவிட்டது.

நுனி வேகத்துக்கு வந்தால் நிலைமை வேறு. மிக்ஸி பிளேடு விரித்தால் ஆறு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் நுனி விநாடிக்கு 56 மீட்டர், மணிக்கு 200 கிலோமீட்டர் சொச்சம். அந்த என்ஜின் விசிறியின் விட்டம் 1.55 மீட்டர், நுனி விநாடிக்கு 420 மீட்டர். ஒலியை விட வேகம்.

ஜூன் 7, இரவு 9.00

மிக்ஸியைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தேன். முக்கியமான சங்கதி ஒன்று விட்டுப்போயிருக்கிறது. 18,000 என்று கம்பெனிகள் போடுவது ஜார் காலியாக ஓடும்போது. சட்னி போட்டால் அந்த வேகம் இருக்காது. மிக்ஸியில் இருப்பது கார்பன் வைத்த யுனிவர்சல் மோட்டார், அதற்கு 50 ஹெர்ட்ஸ் கட்டுப்பாடே கிடையாது, டிசியில் கூட ஓடும். லோடு குறைந்தால் வேகம் ஏறிக்கொண்டே போகும், லோடு ஏறினால் நன்றாகவே இறங்கும்.

அப்படியென்றால் கிரைண்டர் பிளேட்டில் இருக்கிற எண் முழு லோடுக்கு, மிக்ஸி எண் வெறும் ஓட்டத்துக்கு. ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'மிக்ஸி கிரைண்டரை விட இத்தனை மடங்கு' என்று சொல்கிற எல்லா ஜோக்கும், ஏன் சில விளம்பரங்களும், இந்த இடத்தில் சறுக்குகின்றன. கடையில் வாங்கப் போகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள். 18,000-க்கு 20,000 பெரிது என்று மட்டும் பார்த்தால் உளுந்து போட்ட பிறகு என்ன ஆகும் என்று அந்த எண் சொல்லாது.

ஜூன் 9, மாலை 6.30

"ஏசி போட்டா ஈபி மீட்டர் மிக்ஸி மாதிரி சுத்துது." பழைய மீட்டரில் அலுமினியத் தட்டு சுற்றும், விளிம்பில் ஒரு கறுப்பு அடையாளம் இருக்கும், நினைவிருக்கிறதா? முகப்பில் யூனிட்டுக்கு 600 சுற்று என்று போட்டிருந்தால் கணக்கு சுலபம். ஆயிரம் வாட் அயர்ன்பாக்ஸுக்கு நிமிடத்துக்கு 10 சுற்று, அடையாளம் ஆறு விநாடிக்கு ஒரு தடவை கண்ணாடியைக் கடக்கும். 75 வாட் ஃபேன் மட்டும் ஓடினால் ஒரு சுற்றுக்கு 80 விநாடி. 1500 வாட் ஏசிக்கு நிமிடத்துக்கு 15 சுற்று. இவ்வளவுதான்!

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு சாமானைப் போட்டு, கையில் கடிகாரத்தோடு அந்தத் தட்டின் முன்னால் நின்றால் அது எத்தனை வாட் என்று யாரையும் கேட்காமல் கண்டுபிடிக்கலாம். டிஜிட்டல் மீட்டரில் அந்த வேலையைச் சிவப்பு விளக்கின் சிமிட்டல் செய்கிறது, யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று முகப்பிலேயே எழுதியிருக்கும். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள், நல்ல விளையாட்டு.

ஜூன் 9, மாலை 6.45

"கடிகாரத்தில் நிமிட முள் 1 ஆர்பிஎம்" என்ற படத்தை மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள். 1 ஆர்பிஎம் விநாடி முள். நிமிட முள் அறுபதில் ஒன்று. மணி முள் 720-இல் ஒன்று, பூமியை விட இரண்டு மடங்கு வேகம்.

ஜூன் 12, இரவு 10.20

ஆண்டிபட்டி நண்பர் கேட்கிறார்: "எங்க பக்கத்துக் காத்தாடி மெதுவா சுத்துது, அதுல எப்படி கரண்ட் வருது?" பழைய வகைக் காற்றாலையில் மேலே கியர்பாக்ஸ் இருக்கும். இறக்கை மெதுவாகச் சுற்றினாலும் கியர் அதை 1500 பக்கம் ஏற்றிவிடும். அங்கே உட்கார்ந்திருப்பது நாம் இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்த அதே தூண்டல் மோட்டாரின் பெரிய அண்ணன். காற்று அதை 1500-க்கு மேல் தள்ளி, 1515 மாதிரி ஓட வைத்தால் ரோட்டார் புலத்தை முந்திவிடுகிறது. ஸ்லிப் கழித்தல் ஆகிவிடும். அதுவரை கரண்டை வாங்கிக்கொண்டிருந்த இயந்திரம் திருப்பிக் கொடுக்க ஆரம்பிக்கிறது. 1440-இல் மாவாட்டுகிற சங்கதிதான் 1515-இல் மின் உற்பத்தி. அதன் மீதும் அந்தச் சாக்பீஸ் கோட்டைப் போட்டுப் பார்க்க முடிந்தால் கூட்டல் குறி முன்பக்கம் நகரும்.

ஜூன் 15, காலை 10.00

ஹார்வி நூல் மில்லில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் போட்ட கேள்வி: "எங்க ஸ்பிண்டில் 16,000 ஓடும். நூலும் 16,000 சுற்றுதுன்னு சொல்றாங்க, சரியா?" ஐயா, பதில் உங்களுக்கே தெரியும், எங்களுக்காகத்தான் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

ரிங் பிரேம் என்ற நூற்பு இயந்திரத்தில் ஸ்பிண்டில் என்ற கதிரோடு, நூல் ஏறும் குழலான பாபின் சுற்றுகிறது. சுற்றிலும் உள்ள வளையத்தில் டிராவலர் என்ற சின்னக் கொக்கியை நூலே இழுத்துக்கொண்டு ஓடுகிறது. டிராவலரும் சரியாக 16,000 ஓடினால் நூல் முறுக்கேறும், ஆனால் பாபினில் ஒரு அங்குலம் கூடச் சுற்றாது. டிராவலர் கொஞ்சம் பின்தங்குவதால்தான் நூல் பாபினில் ஏறுகிறது. நிமிடத்துக்கு 15 மீட்டர் நூல் வருகிறது, பாபின் விட்டம் அந்த நேரத்தில் 3 சென்டிமீட்டர் என்றால் பின்தங்கல் நிமிடத்துக்கு 160 சுற்று, ஒரு சதவீதம். பாபின் நிரம்பி விட்டம் நாலரை சென்டிமீட்டர் ஆனால் அது 106-ஆகக் குறையும். ஒரே பாபினில் அடியிலிருந்து மேலே வரும்வரை டிராவலரின் வேகம் மாறிக்கொண்டே இருக்கிறது.

ஐயா, அந்த டிராவலர் தேய்ந்து எகிறும்போது என்ன சத்தம் வரும், எத்தனை நாளைக்கு ஒரு தடவை மாற்றுவீர்கள், நூல் அறுவதற்கு முன்னால் கையில் ஏதாவது தெரியுமா? நேரம் இருக்கும்போது விரிவாக எழுதுங்கள்.